பிளக் பாயிண்ட் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை: குமரி மாவட்ட வீடுகளுக்கான வழிகாட்டி

பழுதான பிளக் பாயிண்டைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவது அரை மணி நேர வேலைதான். ஆனால் மிக்ஸி ஓடுகிறது, அயர்ன் பாக்ஸ் சூடாகிறது என்பதை வைத்து அந்த வேலை சரியாக முடிந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. கரண்ட் வரும் கம்பியாகிய ஃபேஸும், அது திரும்பிப் போகும் கம்பியாகிய நியூட்ரலும் வந்துவிட்டால் எந்தக் கருவியும் ஓடிவிடும். கருவியின் உடம்பில் கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் மூன்றாவது கம்பியாகிய எர்த் இருக்கிறதா, இருந்தாலும் அது உண்மையில் மண்ணைப் போய்ச் சேர்கிறதா என்பது கருவிக்குள் கோளாறு வரும் நாள்வரை யாருக்கும் தெரிவதில்லை. ஆகவே மற்ற எல்லாவற்றையும்விட எர்த்தைப் பற்றியே இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

நாமே எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, வயரிங்கில் புதிய வேலை, மாற்றம், பழுதுபார்ப்பு ஆகியவற்றை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் வழியாகவே செய்ய வேண்டும்; பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச் முதலியவற்றை, இணைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றிக்கொள்வதற்கு மட்டும் விலக்கு உண்டு. ஆக, 6 ஆம்பியர் சாக்கெட் இருந்த இடத்தில் அதே 6 ஆம்பியர் சாக்கெட்டை மாட்டலாம். அதை 16 ஆம்பியராக உயர்த்துவதும், புதிய லைன் இழுப்பதும், மீட்டர் பலகையில் கை வைப்பதும் வயர்மேனின் வேலை. மாற்றும் வேலையில்கூடப் பழக்கமில்லாதவர் வயர்மேனை அழைத்து, அருகில் நின்று, கீழே சொல்லப்படுபவை ஒவ்வொன்றும் நடக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே நல்லது.

தேங்காப்பட்டணம், குளச்சல், முட்டம், மணக்குடி, கன்னியாகுமரி எனக் கடலோரமாக உள்ள ஊர்களில் சாக்கெட்டுகள் சீக்கிரம் கெட்டுப்போவதற்கு உப்புக்காற்று ஒரு முக்கியக் காரணம். பழைய சாக்கெட்டைத் திறந்தால் பித்தளை முனைகளிலும் செம்புக் கம்பியின் நுனியிலும் பச்சைக் களிம்பு பூத்திருப்பதைப் பார்க்கலாம். களிம்பு ஏறிய இடத்தில் மின்தடை கூடுகிறது. தடை கூடினால் சூடு உண்டாகிறது. சூட்டில் திருகு தளர்கிறது. தளர்ந்த திருகு இன்னும் சூட்டைக் கூட்டி, கடைசியில் சாக்கெட்டின் முகத்தில் துளையைச் சுற்றிப் பழுப்பு நிறத் தழும்பு விழுகிறது. அந்தத் தழும்பைக் கண்டால் சாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதாது. உள்ளே வரும் கம்பியையும், பளபளக்கும் செம்பு தெரியும் இடம்வரை வெட்டிவிட வேண்டும். அப்படி வெட்டிய பிறகு கம்பி நீளம் போதவில்லையென்றால், டேப் சுற்றி ஒட்டுப்போடாமல் வயர்மேனை அழைத்துப் புதுக் கம்பி இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது என்பதால், மழை நேரடியாக அடிக்கும் சுவரிலும் திறந்த வராந்தாவிலும் மூடியுள்ள, நீர்புகாத சாக்கெட்டையே பொருத்த வேண்டும்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். குழந்தைகள் உள்ள வீடானால், துளைகளை உள்ளிருந்து மறைக்கும் ஷட்டர் உள்ள சாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது 1380 வாட்; 16 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது 3680 வாட். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்பியர் இழுக்கும் என்பதால் சிறிய சாக்கெட்டே போதும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்போ 8.7 ஆம்பியர் இழுப்பதால் பெரிய சாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். பெரிய பிளக்கைச் சிறிய துளையில் செருக உதவும் கன்வெர்ட்டரை வாங்கி இந்தக் கணக்கை ஏமாற்ற வேண்டாம். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தேவை, கீசர், ஏ.சி. ஆகியவற்றுக்குத் தனி லைனாக 4 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுப்பது நல்லது. ஸ்விட்சுக்கும் சாக்கெட்டுக்கும் இடையே போடும் சிறு துண்டுக் கம்பியும் அதே பருமனில் இருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வேலையைத் தொடங்குமுன் அந்த லைனின் எம்.சி.பி.யை (அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) மட்டும் அணைத்தால் போதாது, மெயினையே அணையுங்கள். அணைத்த பிறகு இன்வெர்ட்டரை நினைவில் கொள்ளுங்கள். கரண்ட் போகும் நேரத்துக்கென்று வாங்கி வைத்த இன்வெர்ட்டர், மெயின் அணைந்த அந்த நொடியிலேயே தன் பேட்டரியிலிருந்து அதே 230 வோல்ட்டைக் கம்பிகளுக்குள் அனுப்பத் தொடங்கிவிடும். ஆகவே இன்வெர்ட்டரின் ஸ்விட்சையும் அணைத்து, அதன் வெளியேறு கம்பி எந்தெந்தப் பாயிண்டுகளுக்குப் போகிறது என்பதையும் தெரிந்துகொண்ட பின்னரே திருப்புளியை எடுக்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லோரிடமும் சொல்லிவிட்டு, மெயின் ஸ்விட்சின் மேல் டேப்பும் ஒட்டிவிடுங்கள்.

கரண்ட் இல்லை என்பதை டெஸ்டரால் உறுதிப்படுத்தும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். மெயினை அணைக்குமுன் கரண்ட் இருக்கும் ஒரு துளையில் வைத்து டெஸ்டர் எரிவதைப் பாருங்கள். அணைத்த பின் மாற்றவேண்டிய சாக்கெட்டின் மூன்று துளைகளிலும் வைத்துப் பாருங்கள். வேலை முடிந்து மெயினைப் போட்டதும் டெஸ்டர் இன்னும் நன்றாக இருக்கிறதா என்று மறுபடி சோதியுங்கள். பகல் வெளிச்சத்தில் நியான் ஒளி தெரியாமல் போகலாம். மரப்பலகை மேல் நிற்பவர் கையில் அது எரியாமலும் இருக்கலாம். மல்ட்டிமீட்டர் வைத்திருப்பவர் அதையே நம்புவது மேல்.

சாக்கெட்டை முன்னிருந்து பார்க்கும்போது பெரிய எர்த் துளை மேலே இருக்க, வலப்பக்கத் துளை ஃபேஸ், இடப்பக்கத் துளை நியூட்ரல். பின்புறம் திருப்பியதும் இது இடம் மாறிவிடும் என்பதால், பக்கத்தை நம்பாமல் முனையருகே பொறித்துள்ள எல் (ஃபேஸ்), என் (நியூட்ரல்), ஈ (எர்த்) எழுத்துகளைப் பார்த்தே இணைக்க வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றில் ஒன்று ஃபேஸ்; கறுப்பு நியூட்ரல்; பச்சை, அல்லது மஞ்சள் கோடிட்ட பச்சை, எர்த். பழைய வீடுகளில் இந்த நிற ஒழுங்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. ஃபேஸ் கம்பி முதலில் ஸ்விட்சுக்குப் போய், அங்கிருந்து சாக்கெட்டின் எல் முனைக்கு வர வேண்டும். நியூட்ரலில் ஸ்விட்ச் போட்டிருந்தால், அணைத்த பிறகும் சாக்கெட்டில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும்.

கம்பியின் மேலுறையை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு, உள்ளிழைகள் வெட்டுப்படாமல் உரியுங்கள். இழைகளைச் சேர்த்து முறுக்கி, துளை பெரிதாக இருந்தால் நுனியை ஒருமுறை மடித்து, முனையின் உள்ளே முழுவதும் நுழையுங்கள். திருகு செம்பின் மேல் அழுந்த வேண்டும். பிளாஸ்டிக் உறையைக் கடித்துக்கொண்டு நின்றால் இணைப்பு இருப்பதுபோல் தோன்றி, சில மாதங்களில் சூடேறிக் கருகும். ஓர் இழைகூட வெளியே துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. முடுக்கிய பின் ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பாருங்கள். எர்த் கம்பியை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விட்டால், எப்போதாவது சாக்கெட் இழுபட்டாலும் அது கடைசியாகத்தான் கழலும். பெட்டி இரும்பாக இருந்தால் அதற்கும் எர்த் கொடுங்கள்.

இனி எர்த்துக்கு வருகிறேன். எர்த் கம்பி வராத இடத்தில், சிலர் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்து எர்த் முனையில் செருகிவிடுகிறார்கள். இதைவிட ஆபத்தான வேலையை நான் அறியேன். இந்த ஊரில் காற்றடித்தால் தென்னை மட்டையோ ரப்பர் மரக்கிளையோ கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் மேல் விழுவது வழக்கம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கம்பங்களே ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அப்படி நியூட்ரல் மட்டும் அறுந்து ஃபேஸ் அறுபடாமல் இருந்துவிட்டால், வீட்டில் இயங்கும் கருவிகளின் வழியாக நியூட்ரல் கம்பி முழுவதும் கரண்ட் ஏறி, அந்தத் துண்டுக் கம்பி வழியே ஃப்ரிட்ஜின் உடம்புக்கும் வாஷிங் மெஷினின் தகரத்துக்கும் வந்துவிடும். கருவியில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே தொட்டவர் ஷாக்குக்கு ஆளாவார். மூன்று விளக்குள்ள சாக்கெட் டெஸ்டரும் இந்த ஏமாற்றைக் காட்டிக்கொடுக்காது. திறந்து கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

முறையான எர்த் பைப், கட்டடத்திலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளி, 2.5 மீட்டர் நீளத்துக்குக் குறையாமல் மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் பாறையும் செம்மண்ணும் கலந்த மேட்டுநிலங்களிலும், கடலோரத்தில் காய்ந்த மணலிலும் கோடையில் மண்ணின் தடை உயர்ந்துவிடும். இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். எர்த்தின் தடை 20 ஓம் என்றால், ஃபேஸ் கம்பி கருவியின் உடம்பில் முழுதாகப் பட்டாலும் ஓடும் கரண்ட் 230-ஐ 20-ஆல் வகுத்து வரும் 11.5 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு. அது விழவே விழாது. எர்த் பைப்பின் குழியில் கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதனால்தான். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

எனவே கரண்ட் கசிந்தால் தானே விழுந்து துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மெயினில் இருந்தே ஆக வேண்டும். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமாக இருக்கின்றனவா என்பதை அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வித்தியாசம் 30 மில்லியாம்பியரை எட்டுவதற்குள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டித்துவிடும். எர்த் சற்று மோசமாக இருக்கும் வீட்டிலும் அது வேலை செய்யும். ஆனால் ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டவரை அது காக்காது. அதிக லோடுக்கும் விழாது என்பதால் எம்.சி.பி.யும் கூடவே வேண்டும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அந்தப் பொத்தான் ஆர்.சி.சி.பி.யை மட்டுமே சோதிக்கிறது, எர்த்தைச் சோதிப்பதில்லை. எர்த்தின் தடையை ஆண்டுக்கு ஒருமுறை, பங்குனி, சித்திரை வெயிலில், வயர்மேனைக் கொண்டு அளக்கச் செய்யுங்கள்.

சாக்கெட்டை மாட்டி மெயினைப் போட்ட பின், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டியும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ அதே அளவும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் மல்ட்டிமீட்டரில் காட்ட வேண்டும். முதல் நாள் அயர்ன் பாக்ஸைக் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி அதன் பின்களைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் ஏதோ ஒரு திருகு சரியாக முடுக்கப்படவில்லை. ஆர்.சி.சி.பி. விழுந்தால் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டு, எதைச் செருகும்போது விழுகிறது என்று கண்டுபிடியுங்கள். எதுவும் செருகாமலே விழுந்தால் சுவருக்குள் ஓடும் கம்பியில் கசிவு இருக்கலாம். அப்போது ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேராக லைன் கொடுக்கச் சொல்லாமல், அந்தப் பகுதியின் எம்.சி.பி.யை அணைத்து வைத்துவிட்டு வயர்மேனை அழையுங்கள்.