மன்னிப்பதும் வீடு திரும்புவதும்: குடும்ப ஆலோசனை ஊழியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சபைகளில் குடும்ப ஆலோசனை ஊழியத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். நல்ல மனம் படைத்தவர்கள், வேதத்தை ஊன்றிப் படித்தவர்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அதே குழிகளில்தான் விழுகிறார்கள். ஆரம்பத்தில் நான் விழுந்த குழிகளும் அவையே என்பதால், அவர்கள் பேசத் தொடங்கும்போதே எங்கே போய் முடியும் என்று தெரிந்துவிடுகிறது. தாமதமாக வருவது, ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது போனைப் பார்ப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை தவறு என்று செய்கிறவர்களுக்கே தெரியும். இது ஊழியம், இது விசுவாசம் என்று நம்பியே செய்கிற தவறுகள்தான் என்னைக் கவலைப்படுத்துகின்றன.

ஜெபக் குறிப்பாக ரகசியத்தைக் கசியவிடுவது

"ஒரு சகோதரியின் குடும்பத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம், கணவருக்கு வேறு தொடர்பு இருக்கிறது" என்று ஜெபக் குழுவில் சொன்னால் போதும். எழுபது பேர் உள்ள சபையில் அந்தச் சகோதரி யார் என்று கண்டுபிடிக்க ஒரு மாலை நேரம் தாராளம். பெயரைச் சொல்லவில்லையே என்பது சமாதானம் ஆகாது.

இதன் கனத்தைத் திருச்சபை வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. 1215-ஆம் ஆண்டு கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற ஆயர் பேரவை, பாவ அறிக்கையில் கேட்டதை வெளியே சொன்ன குருவைப் பதவியிலிருந்து நீக்கி, வாழ்நாள் முழுவதும் தவம் செய்யும்படி கடுமையான மடம் ஒன்றில் அடைக்க வேண்டும் என்று விதித்தது. பாவ அறிக்கை முறை இல்லாத சபைகளில் இப்படி ஒரு சட்டம் இல்லை. அதனாலேயே அங்கே ஆலோசகரின் நாவுக்குக் கூடுதல் காவல் தேவைப்படுகிறது. "ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை அடக்குகிறான்" என்கிறது நீதிமொழிகள் 11:13.

ஒரே ஒரு விலக்கு உண்டு. ஒரு குழந்தைக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே "நீங்கள் எதைச் சொன்னாலும் யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று முதல் சந்திப்பிலேயே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். எதைக் காப்பீர்கள், எதைக் காக்க முடியாது என்பதை அவர்கள் பேசத் தொடங்குவதற்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

முதலில் பேசியவரை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

முதலில் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான், அயலான் வந்து அவனைப் பரிசோதிப்பான் என்கிறது நீதிமொழிகள் 18:17. எல்லாருக்கும் மனப்பாடம். இரண்டு தரப்பையும் கேட்ட பிறகு வாயைத் திறங்கள்.

மன்னித்துவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டும் என்று சொல்வது

இந்த ஒன்றைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது. எத்தனை முறை பயிற்சியில் சொன்னாலும் இது மட்டும் மறுபடியும் மறுபடியும் நடக்கிறது. ஒவ்வொரு முறை கேள்விப்படும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

பயிற்சி முடித்த இளைஞர் ஒருவர் மலர்ந்த முகத்தோடு வந்தார். கணவன் அடிப்பதாகச் சொல்லி ஒரு பெண் அவரிடம் வந்திருக்கிறாள். இவர் கணவனை அழைத்திருக்கிறார். அவன் மண்டியிட்டு அழுதிருக்கிறான். "ஏழெழுபதுதரமட்டும்" மன்னிக்கச் சொல்லும் வசனத்தை இவர் வாசித்திருக்கிறார். அவள் மன்னித்திருக்கிறாள். மூன்று பேரும் கைகோத்து ஜெபித்திருக்கிறார்கள். அன்று இரவே தம்பதியர் ஒன்றாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். "ஒரே அமர்வில் கர்த்தர் குடும்பத்தைச் சேர்த்துவைத்தார்" என்றார். அடுத்த மாதம் அவள் வேறு ஒரு சபையின் வாசலில் நின்றாள், கையில் கட்டோடு. எங்களிடம் வரவில்லை. வந்தால் மறுபடியும் அனுப்பிவைப்போம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த இளைஞர் கெட்டவர் அல்லர். மன்னிப்பையும் வீடு திரும்புவதையும் ஒரே காரியமாக எண்ணிவிட்டார். வேதம் அப்படி எண்ணவில்லை.

தாவீதைப் பாருங்கள். அரசனான சவுல் அவன்மேல் ஈட்டியை எறிந்தான், தாவீது தப்பி ஓடினான். பிறகு சவுலைக் கொல்ல அவனுக்கு இரண்டு முறை வாய்ப்புக் கிடைத்தது. இரண்டு முறையும் கை வைக்கவில்லை. இதைவிடப் பெரிய மன்னிப்பு என்ன வேண்டும்? இரண்டாம் முறை சவுலே மனம் கசிந்து, "என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா, இனி உனக்குப் பொல்லாப்புச் செய்யமாட்டேன்" என்ற பொருள்படப் பேசுகிறான். 1 சாமுவேல் 26-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை எடுத்துப் பாருங்கள்: தாவீது தன் வழியே போனான், சவுல் தன் இடத்துக்குத் திரும்பினான். அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே, இங்கே இருந்தால் ஒரு நாள் சவுலின் கையால் மடிந்துபோவேன் என்று தாவீது தன் இருதயத்தில் யோசிக்கிறான். மன்னித்தவன்தான் அப்படி யோசித்தான். தாவீதுக்கு மன்னிக்கத் தெரியவில்லை என்று எந்தப் பிரசங்கியாரும் சொல்லிக் கேட்டதில்லை. அடிபட்ட பெண் அதையே செய்தால் மட்டும் அவளுடைய விசுவாசத்தில் குறை கண்டுபிடிக்கிறோம்.

அடுத்து, பாதி வசனங்கள். மல்கியா 2:16-ஐ நினைவிலிருந்து சொல்லச் சொன்னால், "தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்" என்பதோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். அதே வசனம் கொடுமையையும் சேர்த்தே கண்டிக்கிறது. "அப்படிப்பட்டவன் கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறான்" என்று தொடர்கிறது. மனைவிக்குத் துரோகம் செய்யும் ஆணைக் கடிந்துகொள்ளும் பகுதி அது. அதன் முதல் பாதியை மட்டும் வெட்டியெடுத்து அடிபட்ட பெண்ணிடம் வாசிப்பது அநியாயம்.

எபேசியர் 5-லும் இதே கதைதான். 22-ஆம் வசனத்தில் தொடங்கி 24-இல் நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு முந்தின 21, ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருக்கச் சொல்கிறது. 25 முதல் கணவர்களிடம் பேசத் தொடங்கும் பவுல், தன் சொந்த மாம்சத்தைப் பகைத்தவன் ஒருவனும் இல்லை என்று 29 வரை போகிறார். மனைவிக்குச் சொன்னதைவிடக் கணவனுக்குச் சொன்னது நீளம். அவன் தன்னையே கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். இந்த அதிகாரத்தைக் காட்டி ஒருவன் அடியை நியாயப்படுத்தினால், வேதத்தைத் திருப்பி அவன் கையில் கொடுத்து 25-இலிருந்து சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

"மத்தேயு 18-இன்படி முதலில் அவனிடம் தனியாகப் போய்ப் பேசு" என்று சொல்கிறவர்களும் உண்டு. இரு சகோதரருக்கு இடையே வந்த குற்றத்தைப் பேசித் தீர்க்கக் கொடுக்கப்பட்ட வழி அது. கை ஓங்குகிறவனிடம் தனியாகப் போ என்று அடிபட்டவளுக்குச் சொல்வதற்கு அதில் இடமில்லை. "இரண்டு மூன்று சாட்சிகள் எங்கே?" என்பது அடுத்த கேள்வி. நான்கு சுவருக்குள் நடந்ததற்கு யார் சாட்சி? ஒருவரும் இல்லாத வெளியில் பலாத்காரம் செய்யப்பட்ட பெண்ணைப் பற்றி உபாகமம் 22-ஆம் அதிகாரம் பேசுகிறது. அவள் கூக்குரலிட்டும் காப்பாற்ற யாரும் இல்லாமல் போயிற்று என்று சொல்லி அவளைக் குற்றமற்றவளாக விடுகிறது. சாட்சியைக் கேட்ட அதே மோசேயின் சட்டம்தான் இதையும் சொன்னது. சாட்சி இல்லாத இடத்தில் நடந்ததை அது அவள் மேல் சுமத்தவில்லை.

பழைய திருச்சபை இதில் மௌனமாக இருந்ததாக நினைக்கிறவர்கள் நான்காம் நூற்றாண்டுப் பிரசங்கியார் யோவான் கிறிசோஸ்தோமைப் படிக்கலாம். கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் மேல் அவர் செய்த பிரசங்கங்களில் 26-ஆவது, மனைவியை அடிப்பதைக் கடுமையாகச் சாடுகிறது. அடிக்கிறவன் வீட்டிலிருந்து அலறல் கேட்டு, உள்ளே ஏதோ காட்டு மிருகம் இரையைக் கிழிப்பதைப்போல அயலார் ஓடிவருகிறார்களே, அந்த அவமானத்துக்கு என்ன சொல்வது என்று கேட்கிறார். மண விலக்கை ஏற்காத கத்தோலிக்கத் திருச்சபையும்கூட, 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1153-ஆம் பிரிவில், உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்தை உண்டாக்கும் துணையைவிட்டுப் பிரிந்து வாழ இடம் தருகிறது. தாமதித்தால் ஆபத்து என்றால் அனுமதிக்காகக் காத்திராமல் தானாகவே பிரிந்துபோகலாம் என்கிறது. மண விலக்கு, மறுமணம் பற்றிச் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. அதை ஆற அமர விவாதிக்கலாம். இன்று இரவு அவள் எங்கே பத்திரமாகப் படுப்பாள் என்ற கேள்விக்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க நேரமில்லை. மேலே சொன்ன நீதிமொழிகள் 18:17-க்கும் இது பொருந்தும். தீர்ப்புக்குத்தான் விசாரணை தேவை, அடைக்கலம் கொடுக்கத் தேவையில்லை.

செய்ய வேண்டியது என்ன? முதலில், இருவரையும் சேர்த்து உட்காரவைக்காதீர்கள். சேர்ந்து உட்கார்ந்த பெண்ணை நான் கவனித்திருக்கிறேன். கேள்வி அவளிடம் கேட்கப்படுகிறது. அவள் கண் முதலில் கணவனின் கையைப் பார்க்கிறது, அது மேசைமேல் விரிந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று. அதன் பிறகுதான் பதில் வருகிறது. பதில் எப்போதும் "பிரச்சினை ஒன்றும் இல்லை, சின்னச் சண்டைதான்." அங்கே அவள் சொன்ன உண்மைக்கு வீட்டில் விலை கொடுக்க வேண்டியிருக்கும். அவளைத் தனியாக, வேறொரு நாளில், ஒரு பெண் மூப்பரையோ அனுபவமுள்ள பெண் ஆலோசகரையோ வைத்துப் பேசுங்கள். காயம் இருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். போலீசாரிடம் போக அவள் விரும்பினால் "சபையின் பெயர் கெட்டுப்போகும்" என்று தடுக்காதீர்கள். ரோமர் 13, தீமை செய்கிறவனைத் தண்டிக்க அதிகாரத்துக்குப் பட்டயம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்கிறது. அந்தப் பட்டயத்துக்கு நாம் உறை போடத் தேவையில்லை.

அடுத்து, அவனுடைய கண்ணீர். கண்ணீரைப் பார்த்துவிட்டால் ஆலோசகர்கள் உருகிவிடுகிறார்கள். யோவான் ஸ்நானன் கேட்டது மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகளை. கனி பழுக்கக் காலம் பிடிக்கும். தான் செய்ததை "ஆனால் அவளும்" என்ற வார்த்தை இல்லாமல் அவனால் சொல்ல முடிகிறதா? மனைவி தனியாக இருக்கும் காலத்தில் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் செலவுக்குக் கொடுக்கிறானா? எப்போது திரும்புவாள் என்று கேட்டு அவளையும் சபையையும் நெருக்காமல் இருக்கிறானா? மறுபடி விழுந்தால் மறைக்காமல் வந்து சொல்கிறானா? மாதக் கணக்கில், சில நேரம் ஆண்டுக் கணக்கில் இதைப் பார்க்க வேண்டும். "கடுங்கோபி ஆக்கினைக்குள்ளாவான், நீ அவனைத் தப்புவித்தால், திரும்பவும் தப்புவிக்கவேண்டியதாய் வரும்" என்று நீதிமொழிகள் 19:19 எச்சரிக்கிறது. ஒரே அமர்வில் சேர்த்துவைக்கிறவர்கள் செய்வது இந்தத் தப்புவித்தலைத்தான்.

கடைசியாக, அவன் சபையில் வகிக்கும் பொறுப்பு. சபையை நடத்தும் கண்காணியின் தகுதிகளை எழுதும்போது பவுல், "அடிக்கிறவனாயிராமல்" என்பதையும் மதுபானப்பிரியத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். குடிக்கிறவரைப் பீடத்தில் ஏற்றாத சபைகள், வீட்டில் அடிக்கிறவரைப் பாடகர் குழுவுக்குத் தலைவராகவும் கமிட்டியில் உறுப்பினராகவும் வைத்துக்கொண்டிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவன் மேடையில் நின்று ஜெபிக்க, அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து "ஆமென்" சொல்ல வேண்டும். இதைச் சகித்துக்கொள்ளும் சபைக்கு, அவள் ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்க உரிமை இல்லை.

பிள்ளைகளைச் சாட்சிக்கு அழைப்பது

அப்பாவா அம்மாவா என்று ஒரு குழந்தையிடம் கேட்காதீர்கள். ஒருபோதும்.

பிள்ளையில்லாத தம்பதியிடம் அன்னாளின் கதையைச் சொல்வது

அழுது ஜெபித்துப் பிள்ளை பெற்றவளின் அந்தக் கதை அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அதில் நீங்கள் கவனிக்க வேண்டியவர் ஏலி. உதடு மட்டும் அசைய அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்து, அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்று முடிவுகட்டிய ஆசாரியன் அவர். விசாரிக்காமல் பேசினார்.

நோய்க்கு வசனத்தை மட்டும் கொடுப்பது

மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவரிடம் "விசுவாசம் இருந்தால் நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லாதீர்கள். அந்த முடிவு அவருடைய மருத்துவருடையது. சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கர்த்தர் அவனோடு பேசியது அதற்குப் பிறகுதான்.

ஊழியத்துக்காகச் சொந்த வீட்டை மறப்பது

பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்" என்று தேவனுக்குக் காணிக்கையாக்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டவர்களை இயேசு மாற்கு 7-இல் கண்டித்தார். அடுத்தவர் குடும்பத்தை உட்கார்ந்து கேட்க வாரத்தில் நான்கு மாலைகளைக் கொடுக்கிறவர், அந்த நான்கில் இரண்டைத் தன் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் கேட்டுத்தான் கொடுத்தாரா என்று பாருங்கள். கேட்காமல் கொடுத்திருந்தால், இந்த வாரமே ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் இடத்தில் உட்கார வேறு ஆலோசகர் கிடைப்பார்.