விற்கும் மென்பொருளைக் காப்பது எப்படி? முதலில் நீங்களே பிரித்துப் பாருங்கள்

விலைக்கு விற்க ஒரு மென்பொருளை எழுதி முடித்ததும் பலரும் தேடுவது நல்ல ஆப்ஃபஸ்கேட்டரைத்தான், அதாவது நிரலைப் பிறர் படிக்க முடியாதபடி குழப்பிவிடும் கருவியை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். உண்மையில் அது மூன்றாவது வேலை.

1. திருடன் கண்ணால் பாருங்கள்

டாட்நெட் என்றால் ஐஎல்ஸ்பை, ஆண்ட்ராய்டு என்றால் ஜாடெக்ஸ். இரண்டும் இலவச டீகம்பைலர்கள், அதாவது கட்டி முடித்த நிரலைத் திரும்பப் படிக்கும் வடிவுக்கு மாற்றிக் காட்டும் கருவிகள். உங்கள் ரிலீஸ் கோப்பை அதில் திறங்கள். டாட்நெட்டும் ஜாவாவும் பொதுவாக இடைநிலைக் குறியீடாகவே கம்பைல் ஆகின்றன. கிளாஸ் பெயர், மெத்தட் பெயர் எல்லாம் அதில் தங்கிவிடும். கமெண்ட் தவிர, நீங்கள் எழுதியது கிட்டத்தட்ட அப்படியே திரையில் வரும்.

சி++ ஆட்கள் சிரிக்க வேண்டாம். அமெரிக்காவின் என்எஸ்ஏ 2019-இல் இலவசமாக வெளியிட்ட கிட்ரா, இயந்திரக் குறியீட்டையும் சி மொழி போல மாற்றிக் காட்டும். படிக்கச் சிரமம், அவ்வளவுதான். பைஇன்ஸ்டாலரில் கட்டிய பைதான் நிரலோ வெறும் மூட்டை. அவிழ்த்தால் பைதானின் இடைநிலைக் குறியீடான பைட்கோடு உள்ளேயே இருக்கும்.

2. ரகசியத்தை வெளியே எடுங்கள்

டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, பிறர் சேவையைப் பயன்படுத்தக் காசு கட்டி வாங்கிய ஏபிஐ கீ போன்றவை நிரலுக்குள் இருக்கவே கூடாது. என்கிரிப்ட் செய்து வைத்தாலும், ஓடும்போது நிரலே அதை அவிழ்த்தாக வேண்டும். அப்போது மெமரியிலிருந்து எடுத்துவிடலாம். இவற்றை சர்வருக்கு மாற்றுங்கள். இணையம் தேவைப்படும் மென்பொருள் என்றால், உங்கள் முக்கியமான கணக்கீட்டையும் அங்கேயே வையுங்கள். வாங்கியவர் கணினிக்கே போகாத குறியீட்டை டீகம்பைல் செய்ய வழியில்லை.

3. இப்போது ஆப்ஃபஸ்கேட்டர்

ஆண்ட்ராய்டில் ஆர்8 என்ற கருவி கூடவே வருகிறது. ரிலீஸ் பில்டில் மினிஃபை வசதியை இயக்கினால் போதும். பெயர்கள் ஏ, பி, சி என்று சுருங்கிவிடும். ஆனால் நிரலில் உள்ள ஸ்ட்ரிங்குகளை, அதாவது மேற்கோளுக்குள் எழுதிய சொற்களை, அது மறைக்காது.

ரிஃப்ளெக்‌ஷன் வழியாகப் பெயர் சொல்லி அழைக்கும் இடங்கள் உடையும். அவற்றுக்கு 'இந்தப் பெயரை மாற்றாதே' என்று சொல்லும் கீப் விதிகள் எழுதி, ரிலீஸ் பில்டையே சோதியுங்கள். ஒவ்வொரு பதிப்புக்கும், எந்தப் பெயர் எதுவாக மாறியது என்று சொல்லும் மேப்பிங் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். நான் ஒருமுறை அதைத் தொலைத்துவிட்டு, வாடிக்கையாளர் அனுப்பிய கிராஷ் ரிப்போர்ட்டில் 'ஏ.பி.சி' என்பதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4. லைசென்ஸ்

சீரியல் எண் சரியா என்று ஒரு சூத்திரத்தால் சோதிக்காதீர்கள். அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், போலி எண்களை உருவாக்கும் கீஜென் தயார். டிஜிட்டல் கையொப்பம் பயன்படுத்துங்கள், ஈடி25519 என்ற கையொப்ப முறை போதும். வாங்கியவர் பெயரும் காலாவதித் தேதியும் கொண்ட லைசென்ஸ் கோப்பில் உங்களிடம் மட்டுமே இருக்கும் பிரைவேட் கீயால் கையொப்பமிடுங்கள். நிரலுக்குள், கையொப்பத்தைச் சரிபார்க்க மட்டுமே உதவும் பப்ளிக் கீ மட்டும் போகட்டும். உங்கள் பிரைவேட் கீ இல்லாமல் புது லைசென்ஸை இனி யாரும் தயாரிக்க முடியாது.

சரி, சோதிக்கும் வரியையே ஒருவர் மாற்றிவிட்டால்? மாற்றலாம், தடுக்க முடியாது. அதனால் சோதனையை ஒரே மெத்தடில் வைக்காமல் பல இடங்களில் பிரித்துப் போடுங்கள். லைசென்ஸ் கோப்பே வெளியே கசிந்தால், யாருடையது என்று உள்ளே இருக்கும் பெயர் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், ஒப்பந்தத்தில் 'டீகம்பைல் செய்யக் கூடாது' என்று எழுதுவது நல்லதுதான். ஆனால் வேறு மென்பொருளோடு இணைந்து இயங்கச் செய்வதற்காக, சில நிபந்தனைகளோடு டீகம்பைல் செய்யும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் தருகிறது. உங்கள் ஒப்பந்தம் அதைப் பறிக்க முடியாது.

எல்லாம் முடிந்ததும் புதிய பில்டை மறுபடி டீகம்பைலரில் திறந்து, 'லைசென்ஸ்' என்று தேடுங்கள். முதல் தேடலிலேயே லைசென்ஸைச் சோதிக்கும் மெத்தட் தன் பெயரோடு வந்து நின்றால், மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.