போனஸ் விகிதத்தை நினைவிலிருந்து எழுதாதீர்கள்

கார் காப்பீட்டை வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போது, ‘நடப்புப் பாலிசியில் கிளெய்ம் உண்டா?’ என்ற கேள்விக்கு நினைவிலிருந்து விடையளிக்காமல், பழைய நிறுவனம் அனுப்பிய புதுப்பிப்பு அறிவிப்பில் உள்ள நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) விகிதத்தையே எழுதுங்கள். இந்தியாவில் 20 முதல் 50 சதவீதம் வரை கிடைக்கும் இந்தத் தள்ளுபடி, பம்பர் கீறலுக்காகச் சிறு தொகை பெற்றிருந்தாலும் பொதுவாகப் பறிபோகும். அந்தக் கிளெய்மை மறைத்து உறுதிமொழியில் கையெழுத்திட்டால், புது நிறுவனம் பழைய நிறுவனத்திடம் விசாரிக்கும்போது உண்மை வெளிப்பட்டு, சொந்த வாகனச் சேதத்துக்கான இழப்பீட்டையே இழக்க நேரிடலாம். படிவத்தை நிரப்பியவர் முகவர்தான் என்றாலும் கையெழுத்து உங்களுடையது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் போனஸே கிடையாது என்பதால் இக்குறிப்பு பொருந்தாது. போனஸ் பாதுகாப்புக்குக் கூடுதல் பிரீமியம் செலுத்தியவர்களுக்கு, அதன் நிபந்தனைகளுக்குட்பட்டு, கிளெய்முக்குப் பின்னும் விகிதம் குறையாது.