பிளாஸ்ரிக் கிற்றாரில் மெற்றாலிக்கா: ஆடப் பழகுவோருக்கு

யாழ்ப்பாணத்து வீடுகள் சிலவற்றில், கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வந்த உறவினர் விட்டுச்சென்ற பிளாஸ்ரிக் கிற்றார் ஒன்று அலுமாரியின் மேல் தூசி படிந்து கிடப்பதைக் காணலாம். கழுத்தில் ஐந்து வண்ணப் பொத்தான்களும், நரம்புகள் இருக்கவேண்டிய இடத்தில் மேலும் கீழும் அசையும் ஒரு பட்டையும் கொண்ட அந்தப் பொருளை மீண்டும் கையிலெடுக்க விரும்புவோருக்கு நான் முதலிற் பரிந்துரைப்பது 'கிற்றார் ஹீரோ: மெற்றாலிக்கா' என்ற வீடியோ விளையாட்டையே. திரையில் ஓடிவரும் வண்ணக் குறிகளுக்கேற்பப் பொத்தானை அழுத்திப் பட்டையை அடிப்பதே இதன் ஆட்டம். நெவர்சொஃப்ற் உருவாக்கி, அக்டிவிஷன் 2009இல் வெளியிட்ட இதில் 49 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 28 மெற்றாலிக்கா என்ற அமெரிக்க ஹெவி மெற்றல் இசைக்குழுவினுடையவை, ஏனைய 21 பிற குழுக்களுடையவை. பெரும்பகுதி ஒரே குழுவின் பாடல்களாக இருப்பதால், அக்குழுவின் தாளப் பழக்கம் ஒருமுறை கைக்குப் பிடிபட்டுவிட்டால், புதிதாகத் திறக்கும் பாடலும் பாதி தெரிந்த பாடலாகவே வந்துசேரும்.

பொருட்களைப் பொறுத்தவரை, பழையதை வாங்குவோர் பெரும்பாலும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பிளேஸ்ரேஷன் 3க்கான கம்பியில்லாக் கிற்றார், யூஎஸ்பி துளையிற் செருகும் சிறிய அலைவாங்கியொன்றின் (ரிசீவர்) ஊடாகவே கன்சோலுடன், அதாவது விளையாட்டை இயக்கும் பெட்டியுடன், பேசும். அது தொலைந்திருந்தால் கிற்றார் வெறும் விளையாட்டுச் சாமான்தான். ஆகவே விலை பேசுவதற்கு முன்பு அந்த அலைவாங்கியைக் கேளுங்கள். எக்ஸ்பொக்ஸ் 360க்கான கம்பியில்லாக் கிற்றாருக்கு இந்தத் தொல்லை இல்லை. நின்ரென்டோவின் 'வீ' (Wii) கன்சோலுக்கான கிற்றாருக்கோ அக்கன்சோலின் கைக்கருவியை உள்ளே பொருத்தவேண்டும். வட அமெரிக்காவிலிருந்து வந்த கன்சோலாயின், மின் இணைப்புப் பெட்டியில் எழுதப்பட்டுள்ள வோல்ட் அளவை வாசிக்காமல் நமது 230 வோல்ட் மின்சாரத்திற் செருகாதீர்கள். பிளேஸ்ரேஷன் 2, வீ ஆகியவற்றில், கன்சோலும் இறுவட்டும் ஒரே விற்பனை வலயத்துக்கு (வட அமெரிக்கா, ஐரோப்பா போன்றவை) உரியனவா என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அடுத்தது, பலர் செய்யாமல் விட்டுவிட்டுத் தமது விரல்களை நொந்துகொள்ளும் வேலை. பழைய குழாய்த் தொலைக்காட்சியில் படமும் ஒலியும் உடனுக்குடன் வந்துவிடும். இன்றைய தட்டைத் தொலைக்காட்சிகளோ படத்தைச் செம்மைப்படுத்தவென்று சிறிது நேரம் எடுத்துக்கொள்வதால், நீங்கள் சரியாக அடித்தும் விளையாட்டு அதைப் பிழையென்று கணக்கிடக்கூடும். தொலைக்காட்சியில் 'கேம்' நிலையைத் தெரிவுசெய்து, பின்னர் விளையாட்டின் அமைப்புப் பகுதியிலுள்ள ஒத்திசைவுச் சோதனையைச் செய்யுங்கள். இரவில் வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்காமல் ஆட விரும்பினால் கம்பியுள்ள ஹெட்ஃபோனையே மாட்டுங்கள். புளூருத் ஹெட்ஃபோன் ஒலியைப் பிந்தச்செய்து நீங்கள் செய்த ஒத்திசைவைக் குழப்பிவிடும். (பட்டையின் 'கிளிக் கிளிக்' ஓசைக்கு எந்த ஹெட்ஃபோனும் மருந்தாகாது, பக்கத்து அறையில் படுப்பவரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுவது நல்லது.)

இலகு நிலையில் பச்சை, சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்று பொத்தான்களே வரும். நடு நிலையில் நீலமும், கடின நிலையில் செம்மஞ்சளும் சேரும். நான்கு விரல்களால் ஐந்து பொத்தான்களைச் சமாளிக்கவேண்டியிருப்பதால், கடின நிலைக்குச் செல்லுமுன் கையை ஒரு பொத்தான் அளவு நகர்த்தித் திரும்பக் கொண்டுவரும் அசைவைத் தனியாகப் பழகுங்கள். ஆயினும் இந்த விளையாட்டின் உண்மையான சோதனை பட்டையை அடிக்கும் கைக்கே உரியது. 'மாஸ்ரர் ஒஃப் பப்பெற்ஸ்' பாடலை மெற்றாலிக்காவின் பாடகரும் கிற்றார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெற்ஃபீல்ட் கீழ்நோக்கிய அடிகளாலேயே வாசிப்பது உலகறிந்த செய்தி. அதைப் பின்பற்றி நீங்களும் கீழ்நோக்கி மட்டும் அடிக்க முயன்றால், பாடல் எட்டு நிமிடங்களுக்கு மேல் நீளுவதால், பாதியிலேயே முன்கை மரத்துவிடும். விளையாட்டு அடியின் திசையைப் பார்ப்பதில்லை; எனவே கீழ், மேல், கீழ், மேல் என மாறிமாறி அடியுங்கள். நடுப்பகுதி வெண்மையாக ஒளிரும் குறிகளைத் தொடர் அறாதவரை அடிக்காமல் விரலால் மட்டும் எடுக்கலாம் என்பதால், அவ்விடங்களை அடிக்கும் கைக்கு ஓய்வாகக் கொள்ளுங்கள்.

இனி, கணக்கு. மெற்றாலிக்காவின் பாடல்களில் கண்ணால் மட்டும் குறிகளைத் தொடர்பவர் எங்கோ ஓரிடத்தில் நிச்சயம் தடுக்கி விழுவார். தவிலுக்குப் பேர்போன மண்ணில் இதற்கு வேறிடம் தேடவேண்டியதில்லை. கோயில் வீதியில் கேட்டு வளர்ந்த சொற்கட்டே போதும். 'நத்திங் எல்ஸ் மற்றேஸ்' பாடலை 'தகிட தகிட' என்று வாய்க்குள் எண்ணினால் அதன் ஆறெட்டு நடை தானாகவே கைக்கு வந்துவிடும். 'வன்' பாடலின் பிற்பகுதியில் கிற்றாரும் றம்ஸும் துப்பாக்கி வெடிப்பதுபோற் சேர்ந்து பொழியும் இடத்தையும் ஆறாறாகவே எண்ணவேண்டும். அதை 'தகதிமி' என்று நான்காகக் கொண்டால் அடிகள் சிதறிவிடும். 'மாஸ்ரர் ஒஃப் பப்பெற்ஸ்' பாடலின் சரணங்களில், மூன்று சுற்று நான்காக ஓடியபின் நான்காவது சுற்று குறுகி வெட்டப்படும். அந்த வெட்டை, பயிற்சிப் பகுதியில் வேகத்தைக் குறைத்து, பொத்தான்களைத் தொடாமல் தொடையில் தட்டியே முதலிற் பழகுங்கள்; பொத்தான்களைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு இந்த ஓரிடம் மட்டும் ஒரு வாரத்தைத் தின்றது.

புள்ளிகளைப் பெருக்கும் நட்சத்திர ஆற்றலின் மானி பாதி நிரம்பியதும் கிற்றாரின் கழுத்தை உயர்த்தி அதைத் திறக்கலாம். புள்ளி ஆசையில் உடனே செலவழித்துவிடாமல், கடினமான பகுதிக்குச் சற்று முன்புவரை சேமித்து வையுங்கள்.

றம்ஸ் வாசிக்க முனைவோருக்கு இவ்விளையாட்டு வைத்திருக்கும் தனிச்சிறப்பு, கடின நிலைக்கும் மேலான 'எக்ஸ்பேட்' நிலையை அடுத்து, இரண்டு மிதிகளுக்கென அமைந்த 'எக்ஸ்பேட் பிளஸ்' நிலையாகும். 'டையர்ஸ் ஈவ்' போன்ற பாடல்களில் குழுவின் றம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிச் இரு கால்களாலும் உருட்டும் அடிகள் அந்நிலையிற்றான் முழுமையாக வரும். இரண்டாவது மிதியைப் பிரிப்புக் கம்பியொன்றால் இணைத்துக்கொள்ளவேண்டும். ஒரு மிதியுடன் எக்ஸ்பேட் நிலையைத் தடுமாறாமல் முடிக்கும் வரை அப்பக்கம் போகாதிருப்பதே நல்லது. மெழுகிய சீமெந்துத் தரையில் மிதி வழுக்கி முன்னே ஓடும். அடியில் ஈரமான சாக்கு ஒன்றை விரித்தால் அசையாமல் நிற்கும்.

ஆட்டம் முடிந்ததும் கிற்றாரின் பற்றரிகளைக் கழற்றி வைத்துவிடுங்கள். நமது வெக்கையில் அவை கசிந்து, உள்ளேயிருக்கும் தகடுகளைப் பச்சை பிடிக்கச் செய்துவிடும்.