தார் ராட்டையின் வேகம் தளராமலிருக்க ஓர் ஆப்-ஆம்ப் கட்டுப்படுத்தி

சென்னிமலைப் பக்கம் தார் (நெசவு நாடாவுக்குள் வைக்கும் நூல் சுருள்) சுற்றும் ராட்டைக்கு 12 வோல்ட் டிசி மோட்டார் பூட்டினால் வரும் தொல்லை ஒன்று உண்டு: சிட்டத்தில் (நூல் கட்டில்) நூல் சிக்கி இறுகும்போது ராட்டை தளர்கிறது, சிக்கு விட்டதும் துள்ளி ஓடி நூலை அறுக்கிறது. வேகத்தை அளந்து, வேண்டிய வேகத்தோடு ஒப்பிட்டு, மோட்டாரின் மின்னழுத்தத்தைத் தானே திருத்தும் பின்னூட்டச் சுற்று இதைத் தீர்க்கும். மைக்ரோகன்ட்ரோலராலும் செய்யலாம்; ஆனால் ஆப்-ஆம்ப் (இரு மின்னழுத்தங்களின் வேறுபாட்டைப் பெருக்கும் மின்னணுப் பெருக்கி) சுற்றில் ஒவ்வொரு புள்ளியிலும் மீட்டரை வைத்து நடப்பதை நேரே பார்க்க முடிவதால், கற்பவருக்கு இதையே பரிந்துரைப்பேன்.

இரண்டு ஆப்-ஆம்ப் கொண்ட டிஎல்072 சிப் ஒன்றே போதும். அதற்கு ±15 வோல்ட் கொடுத்து, 8, 4 ஆகிய மின்வழங்கல் கால்களுக்கு அருகிலேயே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகளைத் தரையுடன் இணைக்க வேண்டும். ராட்டையோடு இணைத்த இன்னொரு சிறு டிசி மோட்டாரே டாக்கோ, அதாவது வேகத்துக்கேற்ப மின்னழுத்தம் தரும் வேகமானி. அது தரும் மின்னழுத்தத்தை 1 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட் வடிகட்டி வழியாக விட்டால் பிரஷ் இரைச்சல் அடங்கும். வேண்டிய வேகத்தை 7805 ரெகுலேட்டர் தரும் 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரால் குறிக்கலாம்.

முதல் ஆப்-ஆம்ப், 1 சதவீதத் துல்லியமுள்ள நான்கு 100 கிலோ ஓம் மின்தடைகளுடன், டாக்கோ அளவிலிருந்து குறித்த அளவைக் கழிக்கிறது. இரண்டாவதன் உள்ளீட்டில் 100 கிலோ ஓம். பின்னூட்டப் பாதையில் 270 கிலோ ஓமும் 1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் மின்தேக்கியும் தொடராக வரும். மின்தடை விகிதத்தால் மட்டும் திருத்தினால் சுமை ஏறியதும் வேகம் சற்றுக் குறைந்தபடியே நின்றுவிடும். எஞ்சும் அந்தப் பிழையை மின்தேக்கிதான் சேர்த்து வைத்துத் துடைக்கிறது. மின்கசிவுள்ள எலக்ட்ரோலிடிக் இங்கே உதவாது. இந்தப் பாதைக்கு இணையாக, கேதோடு வெளியீட்டுப் பக்கம் இருக்குமாறு ஒரு 12 வோல்ட் ஜீனர் டையோடு வைத்தால், ராட்டை சிக்கி நிற்கும் நேரத்தில் மின்தேக்கி அளவுக்கு மீறி ஏறாது. வெளியீடு 470 ஓம் வழியாக, ஹீட் சிங்க்கில் பொருத்திய டிஐபி122 டிரான்சிஸ்டரை இயக்கும். மோட்டாருக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு வேண்டும்.

மோட்டாரை இணைக்கும் முன் திசையைச் சோதிப்பதைத் தவிர்க்கக் கூடாது. டாக்கோ வயர்களை ஒருமுறை மாற்றிக் கொடுத்துவிட்டேன். ராட்டை உச்ச வேகத்தில் பறந்து, நூல் முழுவதும் கதிரில் பின்னிக்கொண்டது. மின்தேக்கியை ஒரு வயரால் குறுக்கிணைத்து, ராட்டையைக் கையால் ஓடும் திசையில் சுழற்றுங்கள். இரண்டாம் ஆப்-ஆம்பின் வெளியீடு இறங்க வேண்டும்.

அளவுகளைத் தீர்மானிக்க சீக்ளர், நிக்கோல்ஸ் என்ற பொறியாளர்கள் இருவரும் 1942-இல் சொன்ன முறை உதவும். மின்தேக்கி குறுக்கிணைந்தபடியே இருக்க, 270 கிலோ ஓமுக்குப் பதில் 1 மெகா ஓம் பொட்டென்ஷியோமீட்டரை வைத்து, வேகம் சீராக அலையத் தொடங்கும் வரை ஏற்றுங்கள். 600 கிலோ ஓமில் அலைந்தால் அதில் 45 சதவீதம், அதாவது 270 கிலோ ஓம். ஓர் அலைவுக்கு 0.3 விநாடி என்றால் அதை 1.2-ஆல் வகுக்க 0.25 விநாடி, அதை 270 கிலோ ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 1 மைக்ரோஃபாரட். உங்கள் ராட்டைக்கு எண்கள் மாறும்.

குறுக்கு வயரை எடுத்துவிட்டு, ஓடும் நூலை இரு விரலால் மெல்ல இறுக்கிப் பாருங்கள். டாக்கோ மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து பழைய இடத்துக்கே திரும்ப, வெளியீடு மட்டும் உயர்ந்து நிற்கும்.