டிராமிசு: கேட்பதிலும் சாப்பிடுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் மதுரை கே.கே.நகர், பைபாஸ் ரோடு பக்கம் குடும்பத்தோடு சாப்பிடப் போனால், பிரியாணி, கிரில் சிக்கன் எல்லாம் முடிந்து பிள்ளைகள் தூங்கி விழும் நேரத்தில்தான் டிராமிசு ஞாபகம் வரும், காபியில் நனைத்த பிஸ்கட்டையும் க்ரீமையும் அடுக்கிச் செய்கிற இத்தாலிய இனிப்பு. முதல் தவறு அதுதான். கேட்ட பிறகு செய்து தருகிற பண்டம் இல்லை இது. அடுக்கி முடித்து ஃபிரிட்ஜில் ஆறு மணி நேரமாவது இருந்தால்தான் பிஸ்கட் இளகி, க்ரீம் இறுகி, இரண்டும் ஒன்றாகும். மத்தியானம் செய்து வைத்தது தீர்ந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அதனால் உட்கார்ந்ததுமே "டிராமிசு ரெண்டு எடுத்து வச்சிருங்க" என்று சொல்லிவிடுங்கள். நாலு பேருக்கு இரண்டு போதும். பிரியாணிக்கு மேல் ஆளுக்கொன்று இறங்காது.

அப்போதே முட்டையைப் பற்றியும் கேளுங்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் இருக்கும் மாதம். "எக்லெஸ்தான் சார்" என்ற பதிலோடு விட்டுவிடக் கூடாது. க்ரீமில் முட்டை சேர்க்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அடியில் இருக்கும் சவோயார்டி பிஸ்கட்டே முட்டையை நுரைக்க அடித்துச் செய்வது. க்ரீமில் உண்டா, பிஸ்கட்டில் உண்டா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். க்ரீமில் முட்டை உண்டு என்றால், சூடுபடுத்தியதா பச்சையா என்பது அடுத்த கேள்வி. பச்சை முட்டை என்றால் கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் வேண்டாம்.

மது விஷயமும் உண்டு. இத்தாலியின் திரெவிசோ ஊரில் லெ பெக்கெரியே உணவகம் 1972-இல் மெனுவில் சேர்த்த டிராமிசுவில் மது கிடையாது. மஸ்கார்போனே என்கிற க்ரீம் சீஸ், முட்டையின் மஞ்சள் கரு, சர்க்கரை, பிஸ்கட், காபி, கோகோ, அவ்வளவே. ரம்மும் மார்சாலா ஒயினும் பின்னால் வந்து சேர்ந்தவை. ஆகவே மது வேண்டாம் என்றால் அசல் ருசி போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

தட்டு வந்ததும் அடியைப் பாருங்கள். பழுப்புத் தண்ணீர் தேங்கி நின்றால் பிஸ்கட்டைக் காபியில் ஊறப் போட்டிருக்கிறார்கள். ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு, முக்கி எடுத்துவிட வேண்டும். அது ஸ்பாஞ்சு மாதிரி, கண்மூடித் திறப்பதற்குள் குடித்துவிடும். மேலே கோகோ கருத்து ஈரத்திட்டாக இருந்தால் முன்கூட்டியே தூவியது. பரிமாறும்போது தூவினால்தான் பொடியாக நிற்கும். இந்த ஈரத்திட்டைப் பொறுத்துக்கொள்ளலாம், தேங்கிய தண்ணீரைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. க்ரீம் திரிதிரியாக, ஐஸ் பொடியோடு இருந்தால் ஃப்ரீசரிலிருந்து நேராக வந்திருக்கிறது.

காரம் எரியும் நாக்கில் மஸ்கார்போனேயின் மென்மை தெரியாது. ஒரு வாய் தயிர்ச்சாதமோ வெறும் சோறோ சாப்பிட்டு, கால் மணி நேரம் விட்டுத் தொடங்குங்கள். ஜிகர்தண்டா பழக்கத்தில் மேலே ஒரு ஸ்கூப் ஐஸ்க்ரீம் கேட்பவர்கள் நம்மூரில் உண்டு. விளக்குத்தூண் பக்கம் அது சரி, இங்கே நாக்கு மரத்துப்போய்க் காபியின் கசப்பே தெரியாமல் போகும். கூடவே சர்க்கரை போட்ட ஃபில்டர் காபி வேண்டாம். இத்தாலிக்காரர்கள் இனிப்பு முடிந்த பிறகுதான் எஸ்பிரெசோ குடிப்பார்கள். ஸ்பூனை நேராக அடிவரை இறக்கி, எல்லா அடுக்கும் வருகிற மாதிரி எடுக்க வேண்டும். மேலே மேலே வழித்தால் கடைசியில் ஈர பிஸ்கட்தான் மிஞ்சும். வாயருகே கொண்டுபோகும்போது மூச்சை இழுக்காதீர்கள், கோகோ தொண்டையில் ஏறி இருமல் வரும். சிரித்தாலும் அதே கதிதான், எதிரே இருப்பவர் சட்டை கெட்டது.

மிச்சத்தைப் பார்சல் கட்டினால் ஃபிரிட்ஜுக்கு வெளியே மொத்தம் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம். மேசையில் இருந்த நேரமும் அதில் சேர்த்தி. நகருக்குள் வீடு என்றால் வாங்கிப் போய் நேரே ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் முடித்துவிடலாம். சாப்பாடு முடிந்து உசிலம்பட்டிக்குப் பஸ் ஏற வேண்டியவர்கள் மேசையிலேயே தீர்த்துவிடுவது நல்லது.