குழந்தை தூங்காத இரவுகளில் முதல் ஷிப்ட் அப்பாவுடையது

கோவையில் பம்ப் செய்யும் ஆலை ஒன்றில் 14 வருடமாக லேத் ஓட்டுகிறேன். இரவில் கண் விழிப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் மகள் பிறந்த பிறகு வந்த முதல் ஆறு வாரம் என்னையே அசைத்துவிட்டது. பகலெல்லாம் அசந்து தூங்குவாள். இரவு பதினொன்றுக்குக் கண்ணைத் திறந்தால் நாலு மணி வரை அழுகை. பேறுகாலத்துக்காக எங்கள் வீட்டுக்கே வந்து தங்கியிருந்த மாமியார், மனைவி, நான், மூவரும் சேர்ந்தே விழித்திருந்தோம். நாங்கள் செய்த பெரிய தவறு அதுதான். மூன்று ஷிப்ட் ஆட்களும் ஒரே நேரத்தில் மெஷின் முன்னால் நின்றால் மறுநாள் யார் ஓட்டுவது?

அதனால் முதலில் இரவைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு மனைவி பால் கொடுத்துவிட்டு அடுத்த அறையில் போய்ப் படுத்துவிடுவாள். இரண்டு மணி வரை குழந்தை என் பொறுப்பு. நடுவில் பசித்தால், மாலையிலேயே பீய்ச்சி ஃப்ரிட்ஜில் மூடி வைத்த தாய்ப்பால் இருக்கும். அதை அடுப்பில் வைக்கக் கூடாது. கிண்ணத்தோடு வெந்நீரில் நிறுத்தினால் இளஞ்சூடாகிவிடும். பிறகு சங்கில் ஊட்ட வேண்டும். குழந்தையைத் தலை உயர மடியில் சாய்த்துக்கொண்டு, சங்கின் மூக்கைக் கீழுதட்டில் வைத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அவசரப்பட்டு வாய்க்குள் கவிழ்த்தால் புரையேறும். சங்கை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டு எடுங்கள்.

முதல் நாள், “ஏனுங்க, உங்களால ஆகுங்களா?” என்று கேட்டபடி மனைவி கதவோரமே நின்றாள். மூன்றாம் நாள் ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி எழுந்தாள். குழந்தை பிறந்த பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்தது அன்றுதான். ஆரம்பத்தில் ஐந்து மணி நேரம் அவளுக்கு அதிகமாகத் தெரியலாம். பால் கட்டி வலித்தால் தயங்காமல் எழுந்து வரச் சொல்லுங்கள், உங்கள் ஷிப்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பகல். எங்கள் வீட்டில் காலை பதினோரு மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, ஜன்னலை எல்லாம் சாத்தி, மிக்ஸி கூடப் போடாமல் வைத்திருப்போம். குழந்தை நாலு மணி நேரம் தூங்கும். இரவுத் தூக்கத்தையும் சேர்த்து அப்போதே தூங்கிவிடுகிறது என்று எங்களுக்குப் புரியவில்லை. பிறந்த குழந்தைக்கு இரவு பகல் தெரியாது. அந்தக் கணக்கு உடம்பில் படிய இரண்டு மூன்று மாதம் ஆகும். நாம் கொஞ்சம் உதவலாம். பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும், வீட்டுச் சத்தம் கேட்கட்டும். மூன்று மணி நேரம் தாண்டினால் எழுப்பிப் பால் கொடுங்கள். இரவில் ஒரு சின்ன விளக்கு போதும். துணி மாற்றும்போது பேச்சும் வேண்டாம், கொஞ்சலும் வேண்டாம்.

அப்புறம், சத்தம் கேட்டவுடன் தூக்காதீர்கள். இதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. பச்சிளங்குழந்தையின் தூக்கத்தில் பாதி, கனவு காணும் தூக்கம். அதில் முக்கும், நெளியும், சிணுங்கும், கண்ணைக்கூடத் திறக்கும். விழித்துவிட்டது என்று நாம் தூக்கினால் நாம்தான் எழுப்பியவர்கள் ஆவோம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். பல தடவை அதற்குள் அடங்கிவிடுவாள். உண்மையான அழுகை அடங்காது, ஏறிக்கொண்டே போகும்.

தோளில் தூங்கிய குழந்தை படுக்கையில் வைத்ததும் விழித்துக்கொள்வது எல்லா வீட்டிலும் நடப்பது. தலை முதலில் கீழே போனால் கீழே விழுவதுபோல் தோன்றி இரண்டு கையையும் உதறும். அதனால் முதலில் கால், பிறகு இடுப்பு, முதுகு, கடைசியாகத் தலை. தலைக்கு அடியிலிருக்கும் கையை உடனே உருவாதீர்கள். இன்னொரு உள்ளங்கையை நெஞ்சின் மேல் லேசாக வைத்து, பத்து மூச்சு எண்ணுங்கள். குழந்தையின் கை மெதுவாக விரிந்து, விரல்கள் தளரும். அப்போது உங்கள் கையை எடுக்கலாம்.

தூளியைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மாவின் பழைய நூல் சேலையில் நாங்களும் கட்டினோம். ஆட்டினால் சொக்கிப் போவாள், நிறுத்தினால் விழிப்பாள். தூக்கம் சொக்க வைக்க, பக்கத்தில் ஆள் இருக்கும்போது தூளி நல்லதுதான். இரவு முழுக்க அதிலேயே விடாதீர்கள். தாடை நெஞ்சில் மடிந்தால் மூச்சுக்குத் தடை. தூங்கியதும் மெத்தென்று அமுங்காத சமமான விரிப்பில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை வேண்டாம், முகத்துக்குப் பக்கத்தில் துணியும் வேண்டாம்.

தூங்குவதற்காக கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு எதுவும் கொடுக்க வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. தேன் ஒரு வயது வரை கூடாது.

ஒரு இரவு இரண்டரை மணி நேர அழுகைக்குப் பிறகு என் கைகள் இறுகுவதை உணர்ந்தேன். குழந்தையைப் படுக்கையில் வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் ஐந்து நிமிடம் நின்றேன். உங்களுக்கும் அந்த நிமிடம் வந்தால் இதையே செய்யுங்கள். பத்திரமாகப் படுத்து அழும் குழந்தைக்கு ஐந்து நிமிடத்தில் ஒன்றும் ஆகாது. குலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும், உயிரே போகலாம். ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும் அழுகை, மூன்று நாலு மாதத்தில் தானாகக் குறையும்.

மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், பால் குடிக்க மறுத்தால், மூச்சுவிடத் திணறினால், விடியும் வரை காத்திராமல் மருத்துவரிடம் போங்கள். குழந்தை தூங்கும்போதும் மனைவிக்குத் தூக்கம் வரவில்லை, எந்நேரமும் அழுகை வருகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஃப்ரிட்ஜ் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம். கடைசியாகப் பால் குடித்த நேரம், ஏப்பம் வந்ததா, எத்தனை துணி நனைந்தது என்று எழுதிவிட்டுத்தான் இரண்டு மணிக்கு மனைவியை எழுப்புவேன். தூக்கக் கலக்கத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. நோட்டைப் பார்த்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொள்வாள்.